சயாமில் அப்பாவைப் பார்த்தவர்

என் தம்பிக்கும் எனக்கும் அப்பா ஒருவர்தான். ஆனால் நாங்கள் இருவரும் நினைத்து அழுவது ஒரே ஆளை அல்ல. இதை வெளியே சொன்னால் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். பிசகவில்லை. காலையில் போட்ட மாத்திரையை மறந்துபோய் மறுபடி போட்டுக்கொள்கிற அளவுக்கு மறதி வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஜப்பான்காரன் காலத்து விஷயங்கள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. போ என்றாலும் போவதில்லை.

ஞாபகம் என்றதும் பொக்கிஷம், புதையல் என்று சிலர் உருகுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். நான் பார்த்தவரையில் ஞாபகத்துக்கு முக்கியமானது எது, உதவாதது எது என்றே தெரியாது. அப்பாவை லோரியில் ஏற்றிக்கொண்டு போன காலையையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ரப்பர் தோட்டம் கெடாவில், கோலா கெத்திலிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. வெள்ளைக்கார துரை ஓடிப்போய், பால்வெட்டும் நின்று, பாதி ரப்பர் மரங்களைச் சாய்த்து மரவள்ளி நட்டிருந்தோம். கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டதால், ஆள் எண்ணி வேலை பிரிக்கிற காலைப் பெரட்டு இருட்டோடு இருட்டாக நடக்கும். அன்று பெரட்டுத் திடலில் தோட்டத்துக் கணக்குப் பார்க்கிற கிராணி கை காட்டிய ஆண்களெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார்கள். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாதத்தில் வந்துவிடலாம் என்று சொன்னார். பெண்கள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

எனக்குப் பதினோரு வயது இருக்கும். அந்த நேரத்தில் அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. லோரிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்ட ஒரு கோழிதான் தெரியும். செம்பட்டைக் கோழி. சக்கரம் அதன்மேல் ஏறிவிடுமோ என்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி உறுமியதும் அது சாவகாசமாக எழுந்து போயிற்று. நான் தலை நிமிர்ந்தபோது லோரி வளைவில் திரும்பியிருந்தது. இத்தனை வருஷமாக அந்தக் கோழியை மனதில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அப்பா நல்லவர் என்று சொல்ல எனக்குச் சட்டென்று வாய் வராது. கள்ளுக்கடையிலிருந்து அவர் வருகிற நடையைப் பார்த்தே அம்மா எங்களைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுவாள். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், கொதிக்கிற குழம்புச் சட்டியைக் காலால் எட்டி உதைத்தார். அம்மாவின் முழங்கையில் அந்தத் தழும்பு சாகும்வரை இருந்தது. அதே மனிதர், மழையில் ஆறு பெருகிப் பாலம் முங்கியபோது என்னைத் தோள்மேல் தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடந்தார். பயமா இருந்தா என் முடியப் பிடிச்சுக்க என்றார். நான் பிடித்த பிடியில் கொத்தாகக் கையோடு வந்தது. அவர் திட்டவில்லை. இரண்டும் அவர்தான். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைக் கழிக்க எனக்குத் தெரியவில்லை.

தம்பிக்கு அப்போது மூன்று வயது நிறையவில்லை.

மூன்று மாதம் ஆயிற்று, ஆறு மாதம் ஆயிற்று. போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. ஒருநாள் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரி அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னாள்.

“எம்புள்ளைக்கு அவ அப்பன் மொகமே மறந்துபோச்சுக்கா. அப்பா எங்கன்னு கேட்டா, எந்த அப்பான்னு கேக்குறா.”

அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்று விளக்கு வைத்ததும் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தாள்.

“அப்பா எப்படி இருப்பாரு?”

அவன் முழித்தான். அம்மாவே சொல்லிக்கொடுத்தாள். “உயரமா இருப்பாரு. சொல்லு.”

“உயரமா இருப்பாரு.”

“ரெண்டு பால் வாளியையும் ஒத்தக் கையில தூக்குவாரு.”

“ஒத்தக் கையில தூக்குவாரு.”

மறுநாளும் அதேதான், அதற்கடுத்த நாளும். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். கொட்டாங்கச்சியில் தேங்காய் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, சாக்குத்துணி உடுத்திய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதுபோல் அம்மா அப்பாவைச் சொல்லிக்கொடுத்தாள். அவன் பிசகாமல் ஒப்பித்தான். அப்பாவுக்கு முடி கறுகறுவென்று இருக்கும். அப்பா சிரித்தால் பல் எல்லாம் வெள்ளையாகத் தெரியும். அப்பா பாடுவார். அப்பா அம்மாவை ஒரு சொல் திட்ட மாட்டார். அப்பா யாரையும் அடிக்கவே மாட்டார்.

கடைசி இரண்டையும் கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. “ஏம்மா பொய் சொல்ற?” என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “கெட்டதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்குடி. உனக்கும் இருக்கு. ரெண்டு பேரு போதாதா? அவனுக்கு எதுக்கு?”

நான் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டேன்.

அவள் சொல்லிக்கொடுக்காத ஒன்று இருந்தது. அப்பாவின் பெயர். கட்டியவன் பெயரைப் பெண்சாதி வாயால் சொல்லக்கூடாது என்பது அன்றைய வழக்கம். அம்மா அதில் கண்டிப்பானவள். கிராணி கேட்டால்கூட என்னைத்தான் சொல்லச் சொல்லுவாள். அந்தப் பெயரைக் கூப்பிட்டுப் பழகிய ஆண்கள் எல்லாரும் அப்பாவோடு லோரியில் போய்விட்டார்கள். நான் அப்பா என்பேன், அம்மா அவர் என்பாள். அதனால் தம்பிக்கு அப்பாவின் உயரம் தெரியும், பல்லின் நிறம் தெரியும், பெயர் தெரியாது. எங்களுக்கு அது உறைக்கவே இல்லை. நானும் இந்தப் பக்கங்களில் அதை எழுதப்போவதில்லை. அம்மா காப்பாற்றியதை இந்த வயதில் நான் ஏன் கெடுக்கவேண்டும்?

இதற்கிடையில் கெடாவை ஜப்பான்காரன் சயாமுக்குக் கொடுத்துவிட்டான் என்று சுங்கை பட்டாணி போய் வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். எங்களுக்கு அதே மரவள்ளி, அதே சொறிசிரங்கு. தம்பி மட்டும் துள்ளினான். நாம் இருப்பதும் சயாம் என்றால் அப்பா பக்கத்தில்தானே இருக்கிறார், நடந்தே வந்துவிடுவாரே என்றான்.

அவன் சொன்னதுபோலவே நடந்தேதான் வந்தார்.

ஜப்பான்காரன் தோற்பதற்கு முந்தின மழைக்காலம் அது. அம்மாவும் நானும் மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தோம். எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் சின்னப் பிள்ளைகளும் காய்ச்சல்காரர்களும்தான் இருந்தார்கள். சாயங்காலம் நாங்கள் திரும்பியபோது தம்பி ஓடிவந்து சொன்னான்.

“அக்கா, ஒரு தாத்தா வந்தாரு. யாரு பேரயோ சொல்லி, அவரு வீடு இதுதானேன்னு கேட்டாரு. அப்படி யாரும் இங்க இல்லன்னு சொல்லிட்டேன்.”

“என்ன பேருடா?”

அவனுக்குச் சொல்ல வரவில்லை. “அந்தா உக்காந்திருக்காரு பாரு” என்று கை காட்டினான்.

முன்பு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட, இப்போது பூட்டிக் கிடந்த ஆயாக் கொட்டகையின் சுவரில் சாய்ந்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் ஒரு கோணித்துண்டு. தலை முழுக்க நரை. வாய் உள்ளே ஒடுங்கியிருந்தது. ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே இலை வைத்துக் கட்டியிருந்தார், அதைச் சுற்றி ஈ மொய்த்தது. எனக்கு யாரென்று தெரியவில்லை. யாரோ பிச்சைக்காரர் என்றே நினைத்தேன். அம்மா நாலு எட்டு வைத்தவள் நின்றுவிட்டாள். அவர் இடது கையால் பிடரியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்வதென்று தெரியாதபோது அப்பாவுக்கு இருந்த பழக்கம் அது.

அம்மா அலறுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “போயி தண்ணி சுட வையி. அப்பா குளிக்கணும்.”

அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது.

காட்டிலிருந்து தப்பி, தண்டவாளத்தை ஒட்டியே நடந்து, பாதி வழியில் காய்ச்சலில் விழுந்து, கம்பம் என்கிற சிற்றூர் மக்கள் கொடுத்த கஞ்சியில் பிழைத்து வந்திருக்கிறார். இதைக்கூட அவர் வரிசையாகச் சொல்லவில்லை. துண்டு துண்டாக வந்ததை நாங்கள்தான் கோத்துக்கொண்டோம். கள்ளையும் தேடவில்லை, அதட்டவும் இல்லை. அம்மா அவருக்குப் பயந்தது போய், அவர் அம்மாவுக்குப் பயப்படுவதுபோல் இருந்தது. கிழங்கு போதுமா என்று கேட்டால், கொடுத்ததே போதும் என்று தலையைக் குனிந்துகொள்வார். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சட்டியை உதைத்தவரே திரும்பி வந்திருந்தால்கூடத் தேவலை என்று நினைத்திருக்கிறேன்.

அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் லயத்துக்கே தெரியும். தம்பி ஒருதரம் அப்பா என்று கூப்பிடவேண்டும்.

அம்மா கெஞ்சினாள், அதட்டினாள். “இவருதாண்டா அப்பா. கூப்பிடு.” தம்பி அவரை மேலும் கீழும் பார்ப்பான். உயரம் இல்லை, கூன் விழுந்திருந்தது. முடி கறுப்பு இல்லை. பல்லே இல்லை. இரண்டு பால் வாளி என்ன, ஒரு செம்பைத் தூக்கினாலும் கை நடுங்கியது. அம்மா ஒரு வருஷமாகச் சொல்லிக்கொடுத்த எதுவும் இவரிடம் பொருந்தவில்லை. “இவரு அப்பா இல்ல, தாத்தா” என்று சாதித்தான். அவன்மேல் என்ன குற்றம்? நாங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தானே அவன் நம்பினான்? அம்மா கையை ஓங்கியபோது அவர்தான் தடுத்தார்.

“விடு புள்ள. அவன் இஷ்டத்துக்குக் கூப்பிடட்டும்.”

ஆனால் தாத்தா என்ற அளவில் அவரைத் தம்பிக்கு ரொம்பப் பிடித்தது. மெல்ல முடியவில்லை என்று சாக்குச் சொல்லி அவர் தம் பங்குக் கிழங்கில் பாதியை இவனுக்குக் கொடுத்துவிடுவார். சயாம் காட்டில் யானைகள் மரம் இழுத்த கதையைச் சொல்லுவார். அங்கே பார்த்தவற்றில் பிள்ளைக்குச் சொல்லக்கூடியது யானை ஒன்றுதான் போலிருக்கிறது. வீட்டு முன்னால் அஞ்சடியில் பாய் போட்டு அவர் படுத்திருக்க, இவன் அவர் காலருகில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்தப் புண்ணின் வாடைக்குப் பெரியவர்களே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், இவன் திருப்பவில்லை.

ஒருநாள் பொழுது சாயும் நேரம். நான் வாசலில் உட்கார்ந்து கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே அடுப்படியில் இருந்தாள். யானைக் கதை முடிந்ததும் தம்பி கேட்டான்.

“தாத்தா, சயாம்ல எங்க அப்பாவப் பாத்தீங்களா?”

என் கை நின்றுவிட்டது. உள்ளே அகப்பைச் சத்தமும் நின்றது.

அவர் பிடரியைத் தேய்த்தார். ரொம்ப நேரம் தேய்த்தார். பிறகு, “எப்படி இருப்பாரு உங்கப்பா?” என்று கேட்டார்.

தம்பி நேராக உட்கார்ந்துகொண்டு ஒப்பித்தான். உயரமா இருப்பாரு. ரெண்டு பால் வாளியையும் ஒத்தக் கையில தூக்குவாரு. முடி கறுகறுன்னு இருக்கும். பாடுவாரு. அம்மாவத் திட்ட மாட்டாரு. யாரையும் அடிக்கவே மாட்டாரு. ஒன்று விடாமல் சொன்னான். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், “அடிக்கவே மாட்டாரா?” என்று இன்னொரு தரம் கேட்டார்.

“மாட்டாரு. எங்கம்மா சொன்னாங்க.”

அவர் கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். பிறகு தம்பியிடம் சொன்னார்.

“பாத்தேன்யா. உங்கப்பாவப் பாத்தேன்.”

“எப்படி இருந்தாரு?”

“நல்லா இருந்தாரு. உன்னையே நெனச்சுக்கிட்டு இருந்தாரு.”

“எப்ப வருவாராம்?”

“வந்துருவாரு” என்றார். அவனுடைய தலையில் கை வைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, கையை எடுத்துக்கொண்டார்.

என் வாழ்க்கையில் கல்யாணம் நடந்திருக்கிறது, மூன்று பிள்ளைகள் பிறந்திருக்கின்றன, புருஷன் செத்திருக்கிறார். அந்த நாட்களில் யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. இந்தச் சாயங்காலம் மட்டும் கிழங்குப் பாலின் பிசுபிசுப்பு முதற்கொண்டு விரலில் ஒட்டியிருக்கிறது. ஏன் என்று நிறைய யோசித்திருக்கிறேன். பயங்கரமானதுதான் தங்கும் என்கிறார்கள். அதைவிடப் பயங்கரங்களை அந்தத் தோட்டத்தில் பார்த்துவிட்டு மறந்திருக்கிறேன். எனக்குத் தோன்றுவது இதுதான்: அன்று அங்கே ஏதாவது சொல்ல நான்கு பேரில் யாருக்கும் வழி இல்லை. அழுதால் தம்பி பயந்துவிடுவான், உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டான், அவர் சொன்னதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனசு இல்லை. அப்போதே அழுது முடித்திருந்தால் ஒருவேளை மற்றவை மாதிரி இதுவும் மங்கியிருக்கும்.

புண் மேலே ஏறிக்கொண்டே போயிற்று. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டடம் இருந்தது, மருந்து இல்லை. அம்மா வேப்பிலையை அவித்துக் கழுவிக்கொண்டே இருந்தாள். அடுத்த மழைக்கு அவர் இல்லை. ஜப்பான்காரன் தோற்றுப்போனான் என்ற சேதி அவர் இறந்து சில வாரம் கழித்து வந்தது.

வாய்க்கரிசிக்கு அரிசி வேண்டும். எங்கள் லயம் முழுக்கத் தேடினாலும் ஒரு பிடி அரிசி இல்லை. கம்பத்திலிருந்து ஒரு மலாய்க்கார அம்மா கொட்டாங்கச்சியில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். பண்டாரம் தம்பியின் தலையை மழித்து, ஈரத்துணி கட்டி, அவன் கையில் அரிசியைக் கொடுத்து, “அப்பாவுக்கு வாய்க்கரிசி போடுப்பா” என்றார்.

தம்பி சுற்றுமுற்றும் தேடினான். உண்மையாகவே தேடினான். அப்பா வந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறான். கூட்டத்தில் உயரமான ஆள் யாராவது நிற்கிறாரா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, “அப்பா எங்கக்கா?” என்றான். அங்கிருந்த பெண்கள் ஓவென்று கதறினார்கள். நான் அவனுடைய கையைப் பிடித்து அவர் வாயருகே கொண்டுபோனேன். “தாத்தாவுக்குப் போடு” என்று அம்மாதான் சொன்னாள். தாத்தாவுக்கு என்றதும் அவன் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே போட்டான்.

அதன்பிறகு அம்மா விளக்கடியில் அவனை உட்காரவைத்து எதையும் ஒப்பிக்கச் சொல்லவில்லை. அவன் தானாகச் சொல்லிக்கொண்டு தூங்கிப்போவான்.

பெரியவனான பிறகு அவனுக்கு எல்லாம் விளங்கியது. விளங்காமல் என்ன, படித்தவன், ஆபீஸ் வேலை பார்த்தவன். இப்போது கூலிமில் மகனோடு இருக்கிறான். மகன் ஹைடெக் பூங்காவில் வேலை செய்கிறான். ஆடி அமாவாசைக்கு என்னைக் கட்டாயம் கூப்பிடுவான். போன வருஷமும் போயிருந்தேன். எப்போதும்போல் இரண்டு இலை போட்டிருந்தான். ஓர் இலையில் வடை, அப்பளம், பாயசம் என்று எல்லாம் முழுசாக. இன்னொரு இலையில் சோற்றைக் குழையப் பிசைந்து, வடையைப் பாலில் ஊறவைத்து, வாழைக்காயைக்கூட மசித்து வைத்திருந்தான்.

அவன் மருமகள் புதிதாக வந்தவள். “எதுக்கு மாமா ரெண்டு? உங்க அப்பா ஒருத்தர்தானே?” என்று கேட்டாள்.

“ஒண்ணு அப்பாவுக்கு, ஒண்ணு தாத்தாவுக்கும்மா. தாத்தாவுக்குப் பல்லு இல்ல.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எத்தன தடவடா சொல்றது? ரெண்டும் ஒரே ஆளு.”

“தெரியும்லா அக்கா” என்றான். எழுபதைத் தாண்டியவன், குழந்தைபோல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னான். “எனக்குத் தெரியாதா? ஆனா நெனச்சுப் பாத்தா ரெண்டு பேருதான் வர்றாங்க. ஒருத்தர் இன்னும் சயாம்ல இருக்காரு, இன்னொருத்தர் அஞ்சடியில படுத்திருக்காரு. நான் என்ன செய்யட்டும்?”

அவன் எழுந்து சூடம் காட்டினான், விழுந்து கும்பிட்டான். நானும் குனிய முடிந்த அளவு குனிந்து கும்பிட்டேன். ஓர் இலை அம்மா சொல்லிக்கொடுத்த மனிதருக்கு. மற்ற இலை காட்டிலிருந்து நடந்து வந்தவருக்கு. கள்ளுக்கடையிலிருந்து வந்து சட்டியை உதைத்தவர், ஆற்றில் என்னைத் தோளில் தூக்கியவர், அவருக்கு எங்கே இலை? அவரைத் தம்பிக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், அவள் போய்விட்டாள். இனி நான் ஒருத்திதான். மூன்றாவதாக ஓர் இலை போடடா என்று கேட்க வாய் வரை வந்தது. யாருக்கு என்று கேட்பான். சொன்னால், அவனுடைய அப்பா யாரையும் அடித்ததே இல்லை என்பது போய்விடும்.

கேட்காமலேயே, அவரை நினைத்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். என் காலம் முடிந்த பிறகு அவர் பசியோடுதான் இருக்கவேண்டும்.